சந்தோஷத்துக்கு மாத்திரை கேட்டுப் போனது

மகளுக்குக் கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து, கத்தியோடு நின்ற என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"ம்மா! மில் கயா! கிடச்சிருச்சும்மா! நான் கேட்ட காலேஜே கிடச்சிருச்சு!"

இந்த மாதிரி நேரத்தில் ஒரு அம்மாவின் முகம் எப்படி மாற வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பினேன். கண்ணை விரித்தேன். வாயைப் பொத்தினேன். "என் தங்கமே" என்று அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். ஒன்றையும் விடவில்லை. ஆனால் அவள் பாதியில் கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறந்தது முதல் பதினேழு வருடமாக அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள்.

"ம்மா, உனக்கு குஷியா இல்லையா?"

"கோட்டிக்காரி, குஷி இல்லாம இருக்குமாட்டி?"

"அப்பறம் ஏன் நடிக்கிற?"

கோபமாகக் கேட்கவில்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பாவுக்குப் போன் செய்ய உள்ளே போய்விட்டாள். கூடத்திலிருந்து அவள் சிரிப்பும், ஸ்பீக்கரில் என் கணவர் தன் அலுவலகத்தில் யாரையோ கூப்பிட்டுச் சொல்லும் சத்தமும் கேட்டன. நான் மிச்ச வெண்டைக்காயை நறுக்கி முடித்தேன். வருத்தமாகவும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வருத்தப்பட வேண்டும் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசுத் தேர்வு எழுதி, கல்யாணத்துக்கு முன்பே டெல்லி வந்தவள். ஒரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கணவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு. மகள் ஒருத்திதான்.

அதற்கு இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் எனக்கு நோய் வந்தது. காரணம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். அலுவலகத்தில் தொல்லையா, வீட்டில் சண்டையா, ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா. ஒன்றும் இல்லை. காரணம் இருந்திருந்தால் சொல்லிவிட்டாவது ஓய்ந்திருப்பேன். குளிக்கப் போனால் வாளியில் வெந்நீரை நிரப்பிவிட்டு அது ஆறிப்போகும் வரை அப்படியே நின்றுகொண்டிருப்பேன். பேருந்தில் உட்கார்ந்தால் கண்ணிலிருந்து தானாகத் தண்ணீர் வழியும். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறிடம் போவார்கள். ஒரு நாள் மத்தியானம் கணவரிடம், "நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பிய" என்று சாதாரணமாகச் சொன்னேன். சாம்பாருக்குப் பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அவர் அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே கொடுத்த மாத்திரை வேலை செய்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் அழுகை நின்றது. தூக்கம் வந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம், எப்போது போனது என்று தெரியாமலே போய்விட்டது. மறுபடி அலுவலகம் போனேன். கோப்புகளில் குறிப்பு எழுதினேன். சப்பாத்தி இட்டேன். எனக்குச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு மீன் பிடிக்கும். அதைவிட மீன்காரனோடு பேரம் பேசுவது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் வாங்கிவிட்டு, கடைசியில் மீன்கடை முன்னால் நின்று என் அரைகுறை இந்தியில் சண்டை போடுவேன். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு சங்கடத்தோடு தள்ளி நிற்பார். மீன்காரனும் அந்தச் சண்டைக்காகவே காத்திருப்பவன் போலத்தான் இருப்பான். நோய்க்குப் பிறகு முதல் தடவை போனபோது அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். அவன் செதில் சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, "ஆஜ் ஜகடா நஹீ, மேடம்?" என்றான். இன்றைக்குச் சண்டை இல்லையா என்று. சிரித்து வைத்தேன். குழம்பு வைத்தேன். புளி, காரம், உப்பு எல்லாம் சரியாக இருந்தன. நாக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொன்னது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

எல்லாமே அப்படித்தான் இருந்தது. டிசம்பரில் மதிய இடைவேளைக்கு அலுவலகப் புல்வெளியில் வெயில் காயப் போவோம். கூட வேலை செய்யும் பெண்கள் வேர்க்கடலை உரிப்பார்கள், ஆரஞ்சு உரிப்பார்கள். வெயில் முதுகில் பட்டது. பட்டது தெரிந்தது. அவ்வளவுதான். கணவரின் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் அதுவேதான். அவர் கை வைத்தால் கை இருக்கிறது என்று தெரியும். கொஞ்ச நாளில் அவரும் வைப்பதை விட்டுவிட்டார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? செத்துப் போகாமல் பிழைத்து வந்தவள், இப்போது மீன்குழம்பு ருசிக்கவில்லை என்று குறை சொல்ல முடியுமா? மகள் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் நான் அப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். அவள் கேட்ட பிறகு முடியவில்லை.

அடுத்த வாரம் தனியாக அந்த அரசு மருத்துவமனைக்குப் போனேன். கூட்டம். வெளியே மரத்தடி வரை வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் தம்பியின் மணிக்கட்டைத் துண்டால் தன் மணிக்கட்டோடு கட்டியிருந்தார். தம்பி ஓடிவிடாமல் இருக்கத்தான். அவர் தம்பியின் முகத்தை அடிக்கடி துடைத்துவிட்டார். உள்ளே இளம் டாக்டர். தலையைத் தூக்காமலே இந்தியில் கேட்டார்.

"தூக்கம் வருகிறதா?"

"வருகிறது."

"பசி?"

"இருக்கிறது."

"ஆபீஸ் போகிறீர்களா?"

"போகிறேன்."

"பஹுத் அச்சா, ரொம்ப நல்லது. அப்புறம் என்ன?"

"குஷி நஹீ ஹோதி" என்றேன். சந்தோஷம் வருவதில்லை என்று. சொல்லும்போதே பிசகு தெரிந்தது. எனக்கு வேண்டியது குஷி இல்லை. அது பெரிய வார்த்தை. தமிழில் சந்தோஷம் என்று சொன்னாலும் அதே கதிதான். எனக்கு வேண்டியது 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை. எதைப் பார்த்தாவது, எதைத் தின்றாவது, அது தானாக வாயில் வர வேண்டும். அதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் தலையைத் தூக்கினார். நல்ல முகம். களைத்துப் போயிருந்தது.

"நீங்கள் எவ்வளவு மோசமாக வந்தீர்கள் தெரியுமா? இப்போது நிலையாக இருக்கிறீர்கள். ஓடுகிற வண்டியைக் கழற்ற வேண்டாம். இதையே தொடருங்கள்."

துண்டுக்காரர் வெளியே இன்னும் உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் என்ன கேட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"நல்லாத்தான இருக்க? எதுக்கு இப்ப போட்டுக் கிண்டுத?"

"நல்லா இல்ல. நீங்க பாக்கது நல்லா இருக்கு. நான் நல்லா இல்ல."

"மாத்திரைய மாத்துனா மறுபடியும் அந்த மாதிரி ஆயிட்டேன்னா?" அவர் குரல் உயர்ந்தது. எங்கள் வீட்டில் அது அபூர்வம். "உனக்குத் தெரியாது. நீ படுத்துக் கிடந்த. பாத்தவன் நான். சமையக்கட்டுக் கத்திய எல்லாம் எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டு ஆபீஸ் போனவன் நான். மத்தியானம் போன் எடுக்கலன்னா எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு நீ உசுரோட இருந்தாப் போதும்."

"எனக்குப் போதல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடித்தது போன்ற முகம். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். பால்கனியிலிருந்து பார்த்தேன். குடியிருப்பின் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கத்தி விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது.

அதற்கடுத்துதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மாத்திரைதான் என் ருசியைத் தின்றுவிட்டது, அதை விட்டால் எல்லாம் திரும்பி வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு. யாரிடமும் கேட்காமல், திடீரென்று, முழுவதுமாக நிறுத்தினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில நாளில் தலை சுற்றத் தொடங்கியது. கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் மண்டைக்குள் சின்னதாகக் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. கோப்பில் எழுத்துகள் வழுக்கின. ஒரு சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் தடுமாறி, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வாங்கினேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. பழைய அழுகை. அதே வழியில், அதே வேகத்தில். பழகிய வீட்டுக்குள் நுழைவது போல அது எனக்குள் நுழைந்தது.

கணவருக்குப் போன் செய்யத் துணிவில்லை. மகளைக் கூப்பிட்டேன். ஆட்டோ பிடித்து வந்தாள். என்னைத் தூக்கி உட்கார வைத்து, தன் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"ம்மா, தவாய் சாப்டறியா இல்லையா? சச் சச் சொல்லு, பொய் சொல்லாத."

"நிறுத்திட்டேன்."

"ஏன்?"

அவளுக்கே புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது. "நான் அன்னிக்கு அப்டி கேட்டதாலயா?"

"இல்லட்டி."

"அப்பறம்?"

"உன் கூட சேந்து எனக்கும் சந்தோசப்படணும்" என்றேன். "நீ வந்து கட்டிப் பிடிச்சப்ப எனக்குள்ள ஒண்ணுமே வரல. ஒண்ணுமே. நீ சொன்னது சரிதான்."

அவள் ஆட்டோவில் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை. மாத்திரையை அன்றே எடுத்துக் கையில் கொடுத்தாள். தன் சிநேகிதியின் அம்மாவிடம் விசாரித்து, கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். "அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள். பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது கணவர், "போய்ட்டு வா" என்று மட்டும் சொன்னார். கூட வரவில்லை.

அந்தப் பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். மேசையில் கசாயம் இருந்த பிளாஸ்க். தும்மித் தும்மிப் பேசினார். இந்தியில்தான் பேசினோம்.

"காலையில் எழும்போது, இன்றைக்கு இது இருக்கிறது என்று எதையாவது எதிர்பார்த்து எழுகிறீர்களா?"

"இல்லை."

"சாப்பாடு?"

"வயிறு நிறையும்."

"பாட்டு?"

"சத்தமாகக் கேட்கும்."

"கோபம் வருமா?"

யோசித்தேன். "வருவதில்லை."

"கணவரோடு? உடம்பில் ஆசை இருக்கிறதா?"

தரையைப் பார்த்தேன். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. "இல்லை. நோய் வந்த பிறகு குறைந்துபோனது. மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம்கூட இல்லை."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது நீங்கள் நினைக்கிற மாதிரி சொகுசுக் குறை இல்லை. இதுவும் நோய்தான். துக்கம் போவது வேறு, இன்பம் திரும்புவது வேறு. ஒன்று போனால் இன்னொன்று தானாக வந்துவிடும் என்று நாங்களே நினைத்துவிடுகிறோம். சில பேருக்கு நோயே இதைச் செய்யும். சில பேருக்கு நீங்கள் சாப்பிடுகிற மாத்திரையும் சேர்ந்து மழுக்கிவிடும். உங்களுக்கு எது என்று மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்."

"அப்படியானால் சந்தோஷத்துக்கு மாத்திரை இருக்கிறதா?"

"இல்லை." உடனே சொன்னார். "அப்படி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு வகை மாத்திரை இருக்கிறது. சிலருக்கு உதவுகிறது. சிலருக்கு அரைகுறையாக. சிலருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு எது என்று என்னால் சொல்ல முடியாது."

எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். ரத்தம் சோதிக்கச் சொன்னார். தைராய்டு, மாதவிடாய் எல்லாம் விசாரித்தார். பழையதை மெதுவாகக் குறைத்து, புதியதை மெதுவாக ஏற்ற வேண்டும் என்றார். "இனி எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். பிடிக்கிறதோ இல்லையோ, முன்பு பிடித்ததைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராமலே போகலாம்.

புதிய மாத்திரையைக் காலையில் போட வேண்டும். வாய் காய்ந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கை லேசாக நடுங்கியது. தூக்கம் உடைந்து உடைந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். ருசிக்காத குழம்பை வைத்தேன். சாயங்காலம் குடியிருப்புப் பெண்கள் பாட்மின்டன் ஆடும் இடத்துக்குப் போய் மட்டையைப் பிடித்தேன். எல்லாமே அலுவலக வேலை போலத்தான் இருந்தது.

முதலில் திரும்பி வந்தது கோபம். எங்கள் பிரிவில் ஒருவர் செல்போனில் வீடியோக்களைச் சத்தமாக வைத்துப் பார்ப்பார். வருடக்கணக்காகப் பார்க்கிறார். ஒரு நாள் நாடாளுமன்றக் கேள்விக்கு நான் பதில் தயாரித்துக்கொண்டிருந்தபோது அவர் போனிலிருந்து யாரோ ஹாஹாவென்று சிரித்தார்கள். "பந்த் கீஜியே உஸ்கோ!" என்று அதை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பிரிவே திரும்பிப் பார்த்தது. அவர் பயந்துபோய் அணைத்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. கன்னம் சுட்டது. உள்ளே ஏதோ இருந்தது. இவ்வளவு நாளாக ஆளில்லாத வீட்டில் யாரோ பாத்திரத்தைத் தூக்கி எறிந்தது போல இருந்தது.

சாப்பிடும்போது சொன்னேன். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். கணவர் சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"டாக்டர்ட்ட சொல்லு. டோஸ் கூடிப்போச்சோ என்னமோ."

"அந்த ஆளு போன்ல சத்தம் வச்சா யாருக்கும் கோவம் வரும்."

"உனக்கு வந்ததில்லல்லா" என்றார்.

ஆகஸ்டில் மகள் புறப்பட்டாள். கல்லூரி தென்பக்கம் ஒரு நகரத்தில். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்ததால் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கணவர் அவளை விடுதியில் சேர்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். அவள் வரைபடத் தாள்களைச் சுருட்டி வைக்கும் குழாயை முதுகில் மாட்டிக்கொண்டு, பெட்டிகளை ஏற்றுவதில் அப்பாவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, "ம்மா, தவாய் மறக்காத" என்றாள். வண்டி நகர்ந்தது. அவள் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கடைசிப் பெட்டி தாண்டியதும் பார்சல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டு அழுதேன்.

போன் அடித்தது. கணவர் வண்டிக் கதவருகே நின்று பார்த்திருக்கிறார்.

"ஏட்டி, என்ன ஆச்சு? எதுக்கு உக்காந்துட்ட? நான் மதுராவுல இறங்கித் திரும்பி வரட்டா?"

"வேண்டாம்."

"மறுபடி வந்துட்டுதா?"

"இல்லங்க. இது அது இல்ல. பிள்ள போறாள்லா, அதுக்கு அழுதேன்."

அவர் நம்பவில்லை. மதுராவிலிருந்து கூப்பிட்டார். ஆக்ராவிலிருந்து கூப்பிட்டார். குவாலியரில் சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டார். "சாப்டியா? என்ன சாப்ட? கதவ நல்லாப் பூட்டுனியா?" ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். பழைய அழுகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? பழையது எதற்காகவும் இல்லாமல் வரும். இதற்கு ஒரு முகம் இருந்தது. முதுகில் ஒரு குழாய் இருந்தது.

டாக்டரிடம் சொன்னபோது, "நல்லது" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. சந்தோஷம் கேட்டு வந்தவளுக்குக் கோபத்தையும் துக்கத்தையும் கொடுத்துவிட்டு நல்லது என்கிறாரே என்று. அதையே அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "வரிசையை நாம் தீர்மானிக்க முடிவதில்லை" என்றார். அளவைக் கொஞ்சம் கூட்டினார்.

பிறகு மாதங்கள் போயின. புகை மூட்டம் வந்தது. குளிர் வந்தது. ஜனவரியில் ஒரு நாள் அமைச்சக வாசலில் கருப்பு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கொய்யா வாங்கினேன். முதல் துண்டைக் கடித்ததும் வாய்க்குள் ஏதோ திடுக்கிட்டது. இன்னொரு துண்டு வேண்டும் என்று தோன்றியது. வேண்டும் என்று தோன்றி எத்தனை காலமாயிற்று! நடைபாதையில் அசையாமல் நின்றேன். இரண்டாவது துண்டைத் தின்றேன். ஒன்றுமில்லை. வெறும் கொய்யா. இன்னொரு பழம் வாங்கித் தின்றும் பார்த்தேன். அது மறுபடி வரவில்லை. மறுநாள் போய் வாங்கினேன். வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கொய்யா தின்று வயிறு கெட்டதுதான் மிச்சம்.

இன்றுவரை கணக்கெடுத்தால் அந்த மாதிரிச் சில கணங்கள் உண்டு. ஒரு கைக்குள் அடங்கிவிடும். மகள் போனில் தன் சீனியர்களைக் கேலி செய்து பேசும்போது ஒரு தடவை எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அவள் அதைக் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தாள். மற்ற நாட்களில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். கேட்பதில் எனக்கு எந்தச் சுகமும் இல்லாமல் கேட்பேன்.

போன மாதம் கணவர் முதல் தடவையாக டாக்டரிடம் என்னோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து எழும்போது, இந்தியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், இவள் முன்போல ஆகிவிடுவாளா?"

டாக்டர் என்னையும் அவரையும் பார்த்தார். "தெரியாது" என்றார். "இன்னும் ஒன்றிரண்டு வழிகள் இருக்கின்றன. பார்க்கலாம். ஒருவேளை இவ்வளவுதானோ என்னவோ. அதையும் நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை."

வெளியே மருந்துக் கடையில் அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கினோம். கோல் மார்க்கெட் வட்டத்தைச் சுற்றி நடக்கும்போது கணவர், "ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காத" என்றார்.

"சொல்லுங்க."

"நான் ஒழுங்காத் தூங்கி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு."

நான் நின்றுவிட்டேன்.

"படுப்பேன். கொஞ்சத்துல முழிச்சுப் பாப்பேன். உன் போர்வ ஏறி இறங்குதான்னு பாப்பேன். அசையலன்னா கைய மூக்குக்கிட்ட வச்சுப் பாப்பேன். பெறவு தூக்கம் வராது. காலையில ஆபீஸ்ல போய் உக்காந்துருப்பேன், ஒரு கூட்டல் ஓடாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட என்னன்னு சொல்ல?"

ஒரே கட்டிலில் படுத்திருந்தவள் நான். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை இப்போதுதான் பார்த்தேன். எத்தனை காலமாகக் கறுத்திருந்ததோ. "நீங்களும் இந்த டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றேன். "எனக்கு என்னட்டி?" என்றார். "அடுத்த தடவ வரும்போது நான் கேப்பேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேருந்து கூட்டமாக வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு இடம் காலியானது. அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் அவரை உட்கார வைத்தேன். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்ற என் இடுப்பில் தலை சாய்த்து உடனே தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் தலை நழுவியது. அதை என் கையால் தாங்கிக்கொண்டேன். எங்கள் நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள். நான் அவரை எழுப்பவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்திலும் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் வந்து, "உதரோ பாய்" என்று இறங்கச் சொல்லி அவர் தோளைத் தட்டினார். அங்கிருந்து எதிர்ப்பக்கப் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தோம்.